பழைய மேனுவல் லென்ஸ், டிஜிட்டல் கேமரா: வெளிச்ச அளவு தப்பினால் எங்கே தேடுவது

எங்கிருந்தோ கைக்கு வந்த பழைய 50 மி.மீ. லென்ஸ். அடாப்டர் போட்டு மாட்டியாயிற்று. ஃபோகஸ் வளையம் வழுக்கிக்கொண்டு போகிறது, கண்ணாடியும் பளிச்சென்று இருக்கிறது. படம்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒன்று சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கிறது, இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த மாதிரி இருள்கிறது. உடனே எல்லோர் வாயிலும் வருவது: "இந்த லென்ஸுக்கு மீட்டர் சரியா வேலை செய்யல."

மீட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி, பாவம். பெரும்பாலும் அது தன் கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் அளக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கேமரா அளந்த நேரத்தில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி புகும் துளை, எவ்வளவு திறந்திருந்தது? படம் பதிவான நேரத்தில் எவ்வளவு திறந்திருந்தது? இரண்டும் ஒன்றென்றால் கணக்கு தப்பக் காரணம் குறைவு. இரண்டும் வேறென்றால், அந்த வித்தியாசம் கேமராவுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

இன்றைய லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையிலேயே அளக்க விடுகிறது. நீங்கள் எஃப் 8 (இந்த எண் கூடக் கூடத் துளை சிறிது) வைத்திருப்பது மின்தொடர்பு வழியாகக் கேமராவுக்குத் தெரியும், அது கணக்குப் போட்டு ஷட்டர் வேகத்தைச் சொல்கிறது, படம் எடுக்கும் நொடியில்தான் துளையைச் சுருக்கும் இதழ்கள் மூடுகின்றன. பழைய லென்ஸில் அந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒன்று, நாமே மூடிவைத்து அந்த நிலையிலேயே அளக்க வேண்டும். அல்லது, நிக்கானின் ஏஐ என்ற பழைய லென்ஸ் வகை போல ஒரு சிறு நாக்கு வழியாக வளையத்தின் நிலை கேமரா உடலுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் வேண்டாத சந்தேகங்களைக் கழித்துவிடுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கிறதா? ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், ஆட்டோவில் இல்லாமல் ஓர் எண்ணில் நிற்கிறதா? ஒருமுறை அரை நாள் முழுக்க ஒரு லென்ஸைத் திட்டித் தீர்த்தேன், அடாப்டரைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் முந்தின நாள் வைத்த +⅔ அப்படியே உட்கார்ந்திருந்தது. அதே காட்சியைக் கேமராவின் சொந்த லென்ஸில் அதே அப்பர்ச்சரில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதுவும் தப்பினால் பழைய லென்ஸ் நிரபராதி.

சுவர்ச் சோதனை

இதற்குப் பத்து நிமிடம் செலவழித்தால் பத்து நாள் ஊகம் மிச்சம். ஒரே நிறமுள்ள சுவர், மேகம் மூடிய பகல் வெளிச்சம், முக்காலி. குழல்விளக்கும் மலிவான எல்இடியும் வேண்டாம். மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்றால் அவை நொடிக்கு 100 தடவை துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ஃபோகஸை முடிவிலியில் வையுங்கள், சுவர் மங்கலாகத் தெரிவதே நல்லது. மோடு ஏ அல்லது ஏவி (அப்பர்ச்சரை நாம் வைக்க, வேகத்தைக் கேமரா வைப்பது), ஐஎஸ்ஓ 200, நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் தரும் சென்டர் வெயிட்டட் மீட்டரிங். முழுத் திறப்பில் தொடங்கி ஒவ்வொரு ஸ்டாப்பாக (ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி) மூடிக்கொண்டே படம் எடுங்கள்.

எஃப் 2-ல் 1/1000 காட்டினால் 2.8-ல் 1/500, 4-ல் 1/250, 5.6-ல் 1/125, 8-ல் 1/60, 11-ல் 1/30, 16-ல் 1/15 என்று வேகம் பாதி பாதியாக இறங்க வேண்டும். பிறகு கணினியில் எல்லாப் படத்தின் நடுப்பகுதியையும் வரிசையாக வைத்து ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச வரைபடம்) மேடு நகர்கிறதா என்று பாருங்கள். ஓரத்தைப் பார்க்காதீர்கள். முழுத் திறப்பில் பழைய லென்ஸ்களின் ஓரம் இருள்வது இயல்பு.

இப்போது நோயைப் படிக்கலாம். வேகம் மாறவே இல்லை என்றால் இதழ்கள் மூடவே இல்லை. வேகம் சரியாகப் பாதியாகவில்லை, ஆனால் படங்கள் எல்லாம் ஒரே வெளிச்சம் என்றால் வளையத்தில் பொறித்த எண்கள் கொஞ்சம் தப்பு, அவ்வளவுதான், அதை மறந்துவிடலாம். வேகமும் ஒழுங்காக இறங்கவில்லை, வெளிச்சமும் நகர்கிறது என்றால் மீட்டர் பார்க்கும் பாதையில் கோளாறு. வேகம் கச்சிதமாகப் பாதி பாதியாக இறங்கியும் படங்கள் மட்டும் வெளுத்துக்கொண்டே போனால், கேமரா கணக்குச் சரி, இதழ்கள்தான் சொன்ன அளவுக்கு மூடவில்லை.

எஃப் 1.4-க்கும் 2-க்கும் இடையே வேகம் ஒரு முழு ஸ்டாப் குறையாவிட்டால் பதற வேண்டாம். மிகச் சாய்வாக வரும் ஒளியைச் சென்சாரின் நுண்லென்ஸ்கள் முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. 1.4-ல் கிடைக்க வேண்டிய ஒளியில் கொஞ்சம் அங்கேயே கழிந்துவிடுகிறது.

ஷட்டர் விழவே இல்லை, அல்லது மீட்டர் செத்துக் கிடக்கிறது

மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத) கேமரா என்றால் மெனுவில் லென்ஸ் இல்லாமல் படமெடுக்க அனுமதிக்கும் வரியைத் தேடி ஆன் செய்யுங்கள். சோனி, ஃபியூஜிஃபிலிம், கேனான் ஆர் வரிசை எல்லாவற்றிலும் உண்டு. மின்தொடர்பு இல்லாத லென்ஸ் மாட்டியிருந்தால் கேமராவின் கணக்கில் அங்கே லென்ஸே இல்லை.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) கதை வேறு. டி3000, டி5000 வரிசைகளிலும் டி7500-லும் வளைய நிலையைப் படிக்கும் நாக்கு கிடையாது. சிப் இல்லாத லென்ஸ் போட்டால் எம் மோடு (எல்லாவற்றையும் நாமே வைப்பது) மட்டும்தான், மீட்டர் வேலை செய்யாது. இது பழுதல்ல, கட்டமைப்பே அப்படி. ஒரு படம் எடுப்பது, ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது, திருத்துவது என்று போக வேண்டியதுதான். தொடங்க ஓர் இடம் வேண்டுமென்றால், நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி அருகே. மூன்றாவது படத்தில் கை பழகிவிடும்.

டி200, டி300, டி700, டி7000, டி7100, டி7200, டி750, டி850 போன்றவற்றில் நாக்கு உண்டு. ஏ, எம் இரண்டு மோடிலும் அளக்கும். ஆனால் 1977-ல் ஏஐ வருவதற்கு முந்தைய, மாற்றி அமைக்கப்படாத லென்ஸை இந்த உடல்களில் மாட்டாதீர்கள். அதன் வளையத்தின் விளிம்பு நாக்கில் மோதி அதை உடைத்துவிடக்கூடும். நாக்கை மடக்கிக்கொள்ளும் டிஎஃப் மட்டும் விதிவிலக்கு. நாக்கே இல்லாத சின்ன உடல்களில் அந்த லென்ஸ்கள் சும்மா உட்கார்ந்துகொள்ளும் என்பது வேடிக்கைதான்.

வளையத்தைத் திருப்பினாலும் வேகம் அசையவில்லை

நான் பார்த்ததில் அடிக்கடி வரும் கோளாறு இது. வெயிலில் எஃப் 11 வைத்ததாக நினைத்து எடுத்திருப்பீர்கள், படம் வெளுத்திருக்கும். உண்மையில் லென்ஸ் எஃப் 1.8-லேயே திறந்து நின்றிருக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 1/8000 நொடி வேண்டும். கேமராவின் எல்லை 1/4000 என்றால் ஒரு ஸ்டாப் அதிகமாக விழத்தானே செய்யும்? மீட்டர் அதை மின்னி மின்னிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும், நாம்தான் கவனிக்கவில்லை.

சோதிக்க ஒரு வினாடி போதும். லென்ஸை முன்பக்கமிருந்து உற்றுப் பார்த்தபடி வளையத்தைத் திருப்புங்கள். துளை சுருங்குகிறதா?

சுருங்கவில்லை என்றால், கேனானின் பழைய எஃப்டி லென்ஸ்களுக்கான அடாப்டரில் தனியாக ஒரு வளையம் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் லென்ஸ் எப்போதும் திறந்தே இருக்கும், மறுபக்கம் திருப்பினால்தான் அப்பர்ச்சர் வளையத்துக்குக் கட்டுப்படும். எம்42 (திருகி மாட்டும் பழைய வகை) லென்ஸ் என்றால் பின்னால் துருத்தும் சின்ன ஊசியைப் பாருங்கள். அதை யாராவது அழுத்தினால்தான் இதழ்கள் மூடும். லென்ஸில் ஆட்டோ, மேனுவல் என்ற பொத்தான் இருந்தால் மேனுவலில் வையுங்கள், தீர்ந்தது. அந்தப் பொத்தான் இல்லாத லென்ஸுக்கு உள்விளிம்பு உள்ள அடாப்டர் வேண்டும், அந்த விளிம்புதான் ஊசியை அழுத்திப் பிடிக்கும். ஹீலியோஸ் 44-2 போன்ற ப்ரீசெட் லென்ஸில் இரண்டு வளையம். ஒன்று எல்லையைக் குறிப்பது, மற்றதுதான் துளையைச் சுருக்குவது. முதல் வளையத்தை மட்டும் 8-ல் வைத்துவிட்டு மற்றதைத் தொடாவிட்டால் லென்ஸ் எஃப் 2-லேயே நிற்கும்.

பென்டாக்ஸில் ஏ எழுத்து இல்லாத பழைய கே, எம் லென்ஸ்களை ஏவி மோடில் போட்டால் என்ன எண் வைத்தாலும் முழுத் திறப்பில்தான் எடுக்கும். வெளிச்சம் சரியாக இருப்பதால் ஏமாந்துவிடுவோம், பின்னணி குழைந்திருப்பதைப் பார்த்துத்தான் சந்தேகமே வரும். மெனுவில் அப்பர்ச்சர் வளையத்துக்கு அனுமதி கொடுத்து, எம் மோடுக்குப் போய், பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். கேமரா ஒரு கணம் லென்ஸை மூடி, அளந்து, வேகத்தை வைத்துவிட்டுத் திறந்துவிடும். வெளிச்சம் மாறினால் மறுபடி அழுத்த வேண்டும், தானாக மாறாது.

மூட மூட வெளிச்சம் தப்புகிறது

டிஎஸ்எல்ஆரில் அடாப்டர் லென்ஸ் போடுகிறவர்களின் நிரந்தரப் புகார். குறிப்பாக கேனான் இஓஎஸ் உடல்களில் எம்42, நிக்கான் லென்ஸ்கள் மாட்டும்போது.

இந்தக் கேமராக்களில் மீட்டர் இருப்பது மேலே கூம்பிய பகுதிக்குள். அது பார்ப்பது ஃபோகஸிங் ஸ்கிரீனில் (வியூஃபைண்டருக்காகப் பிம்பம் விழும் தகடு) விழுந்த வெளிச்சத்தை, அதுவும் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து. ஆட்டோஃபோகஸ் காலத்து ஸ்கிரீன்கள் வியூஃபைண்டர் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்யப்பட்டவை, ஒளியை நன்றாகச் சிதறடிக்கும் பழைய சொரசொரப்பு அவற்றில் இல்லை. எஃப் 2.8-க்கு மேல் திறந்தால் கூடுதலாக வரும் ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்கும் வராது, மீட்டருக்கும் வராது. சந்தேகமா? வியூஃபைண்டரில் பார்த்தபடி 1.4-லிருந்து 2.8 வரை மூடுங்கள். நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டிய வெளிச்சம் அவ்வளவு குறைந்ததாகத் தோன்றாது. ரொம்ப மூடினால் வேறொரு சிக்கல்: மெல்லிய கற்றை ஸ்கிரீனில் போதிய அளவு சிதறாமல் நேராகக் கடந்துபோகிறது. சொந்த லென்ஸ் என்றால் அதன் எண் தெரிவதால் கேமரா இதையெல்லாம் திருத்திக்கொள்ளும். பேசாத லென்ஸுக்கு அந்தத் திருத்தம் கிடைக்காது. எந்தப் பக்கம், எவ்வளவு தப்பும் என்பது உடலுக்கு உடல் மாறும். அதனால் அடுத்தவர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்.

காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய, அதே சுவரை லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுப்பது) எடுங்கள். அங்கே அளப்பது சென்சாரே. தப்பு மறைந்துவிட்டால் குற்றவாளி ஸ்கிரீன். பிறகு உங்கள் முன் இரண்டு வழி. நிதானமான படங்களுக்கு லைவ் வியூவிலேயே அளந்து எம் மோடில் பூட்டிவிடலாம். அல்லது சுவர்ச் சோதனையில் கிடைத்த திருத்தத்தைக் கையோடு வைத்துக்கொள்ளலாம். என் 50 மி.மீ. லென்ஸின் மூடிக்குள் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டியிருக்கிறது. பென்சிலில் மூன்றே வரி: "2 வரை 0. 4: −⅓. 8: −⅔." மூடியைக் கழற்றும்போதே கண்ணில் படும். உடலை மாற்றினால் டேப்பையும் மாற்ற வேண்டும்.

ஃபோகஸ் வசதிக்காக ஸ்கிரீனை மாற்றியிருந்தால், அதற்கான கஸ்டம் ஃபங்ஷனை மெனுவில் மாற்றினீர்களா என்று பாருங்கள். கேனான் 5டி, 6டி போன்றவற்றில் எந்த ஸ்கிரீன் உள்ளே இருக்கிறது என்று கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொந்த லென்ஸில்கூட அளவு தப்பும். வேறு நிறுவனங்களின் பிளவு வட்ட ஸ்கிரீன் போட்டவர்கள் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கைத் தவிர்ப்பது நல்லது, நடுவில் இருக்கும் முப்பட்டகம் அதைக் குழப்பிவிடும்.

இருட்டு அறையில் மட்டும் தப்பினால் காரணம் இன்னும் எளிது. எஃப் 2-லிருந்து 16-க்கு மூடினால் ஆறு ஸ்டாப், அதாவது மீட்டருக்குப் போகும் ஒளி 64-ல் ஒரு பங்கு. அது அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே போய்விடலாம். எஃப் 2-ல் அளந்து பாருங்கள், 1/250 வந்தால் ஆறு படி இறங்குங்கள்: 125, 60, 30, 15, 8, 4. எம் மோடில் 1/4 வைத்து வளையத்தை 16-க்குத் திருப்பி எடுங்கள்.

முதல் படம் வெளுப்பு, அடுத்தது சரி

இதழ்களில் எண்ணெய். நிக்கான் ஏஐ, பென்டாக்ஸ் போல படம் எடுக்கும் நொடியில் உடலே லென்ஸை மூடும் அமைப்பில்தான் இது வம்பு செய்யும். ஃபோகஸ் திருகின் கிரீஸ் வருஷக்கணக்கில் கசிந்து இதழ்களில் படிந்திருக்கும். பிசுபிசுப்பால் அவை ஷட்டர் திறப்பதற்குள் முழுதாகச் சுருங்குவதில்லை. குளிரில் இன்னும் மோசம். எஃப் 4-ல் ஓரளவு தப்பித்து, 16-ல் நன்றாக மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை இயங்கினால் இளகிவிடுவதால் அடுத்த படங்கள் தேறுகின்றன.

லென்ஸைக் கழற்றி வளையத்தை 16-ல் வைத்து, பின்னால் இருக்கும் நெம்பை நகத்தால் சுண்டுங்கள். இதழ்கள் சடக்கென்று பாய வேண்டும். சோம்பல் முறித்தபடி நகர்ந்தால் நோய் அதுதான். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இதழ்மேல் வானவில் பளபளப்பும் தெரியும். முன்னாலிருந்து எதையாவது ஊற்றிக் கழுவும் வித்தைகளைத் தயவுசெய்து முயலாதீர்கள், எண்ணெய் கண்ணாடிக்கு ஏறிவிடும். பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை அதே லென்ஸை மிரர்லெஸ்ஸில் அடாப்டரோடு தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே இதழ்கள் நாம் வைத்த இடத்திலேயே நிற்பதால் சோம்பலுக்கு வேலையில்லை.

நிக்கானில் எண்கள் உளறுகின்றன

திரையில் எஃப் எண்ணுக்குப் பதில் முக்கோணக் குறி வந்தால், லென்ஸின் விவரத்தை நீங்கள் கொடுக்கவில்லை. குறியோடு வரும் எண் முழுத் திறப்பிலிருந்து எத்தனை ஸ்டாப் மூடியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சிப் இல்லாத லென்ஸ் பட்டியலில் குவியத் தூரத்தையும் பெரிய அப்பர்ச்சரையும் பதியுங்கள். போன வாரம் மாட்டிய 135 எஃப் 2.8-ன் விவரம் இன்றைய 50 எஃப் 1.4-க்கும் நடப்பில் இருந்தால் எண் தப்பும், காட்சி முழுவதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கும் தடுமாறும். லென்ஸ் மாற்றும்போது அதையும் மாற்றும் பழக்கம் வர எனக்குப் பல மாதமாயிற்று. சிப் உள்ள லென்ஸில் எஃப்இஇ என்று மின்னினால் வளையத்தைக் கடைசிச் சிறிய அப்பர்ச்சரில் வைத்துப் பூட்டுங்கள்.

வியூஃபைண்டரில் ஒன்று, படத்தில் ஒன்று

மிரர்லெஸ்ஸில் அளவு பொதுவாகத் தப்பாது, அளப்பதும் பதிவதும் ஒரே சென்சார், ஒரே துளை. கண்ணுக்குக் காட்டுவதில்தான் குழப்பம். அமைப்புகளின் விளைவைத் திரையில் காட்டும் தேர்வு ஆஃப் ஆக இருந்தால், எம் மோடில் நீங்கள் என்ன வைத்தாலும் திரை ஒரே வெளிச்சத்தில் இருக்கும். ஆன் செய்யுங்கள். ஸ்டூடியோ ஃபிளாஷ் பயன்படுத்தும்போது மட்டும் ஆஃப், இல்லாவிட்டால் திரை கரியாக இருக்கும்.

வேகமான ஷட்டரில் படத்தின் ஒரு பக்கம் மட்டும் இருண்டால், மெனுவில் ஷட்டரின் மின்னணு முன்திரையை அணையுங்கள். முதல் திரை மின்னணுவாகவும் இரண்டாவது இயந்திரமாகவும் இருக்கும்போது, பெரிய அப்பர்ச்சரும் 1/2000 போன்ற வேகமும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடையிலான பிளவு சீராக இருப்பதில்லை. பழைய லென்ஸ்களை முழுத் திறப்பில் வெயிலில் எடுக்கும் ஆசைக்காரர்கள் நேராகப் போய் மோதும் இடம் இது.

ஹிஸ்டோகிராம் சரி, படம் வெளிறிக் கிடக்கிறது

கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் அது எக்ஸ்போஷர் பிழை அல்ல. லென்ஸின் பின்னால் இருந்து ஒரு டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். மூச்சுக்காற்று படிந்தது போன்ற படலமோ, சிலந்தி நூல் போன்ற பூஞ்சையோ தெரியும். அது சிதறடிக்கும் ஒளியையும் சேர்த்துத்தான் மீட்டர் கணக்கில் எடுக்கிறது. கண்ணாடி சுத்தம் என்றால் அடாப்டரின் உட்பக்கத்தைப் பாருங்கள். பளபளக்கும் உலோகமாக இருந்தால் மங்கிய கறுப்புத் துணித்தாள் ஒட்டுங்கள். முன்னால் ஒரு ஹுட். இந்த இரண்டுக்குப் பிறகு படம் ஆளே மாறிவிடும்.

படம் மஞ்சள் பூத்து, நீலம் மட்டும் இருண்டால் தோரியம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் டகுமார் 50 எஃப் 1.4 இதற்குப் பெயர்போனது. மீட்டர் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் மொத்த அளவு சரியாக இருக்கும். வெள்ளைச் சமநிலையைத் திருத்தினால் போதும், புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் மஞ்சளும் வெளுக்கும்.

முக்காலியில் மட்டும் இருள்கிறது

டிஎஸ்எல்ஆரில் கண்ணை எடுத்துவிட்டால் வியூஃபைண்டரின் பின்வழியே வெளிச்சம் நுழைந்து மீட்டரை ஏமாற்றும். அப்பர்ச்சர் சுருங்கியிருக்கும்போது இது இன்னும் பலமாகப் பாதிக்கும், ஏனென்றால் முன்வழி ஒளி குறைந்துவிட்டது. வியூஃபைண்டருக்கான மூடியைப் போடுங்கள், இல்லாவிட்டால் கையால் மறையுங்கள்.

ஃபிளாஷ் போட்டால் மட்டும் வெளுக்கிறது

லென்ஸோடு பேசாத கேமரா டிடிஎல் (லென்ஸ் வழியாக அளந்து தானே அளவை முடிவு செய்யும்) ஃபிளாஷை நம்பகமாகக் கட்டுப்படுத்தாது, அதை ஆட்டோவில் வைத்துச் சண்டைபோட்டுப் பயனில்லை. ஃபிளாஷை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100-க்கு அதன் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 32 என்றால், அதை ஆள் எத்தனை மீட்டர் தூரத்தில் நிற்கிறாரோ அந்த எண்ணால் வகுங்கள். ஆள் 4 மீட்டரில் நின்றால் எஃப் 8, 2 மீட்டருக்கு வந்தால் எஃப் 16. தூரத்தை ஊகிக்கவும் வேண்டாம். ஃபோகஸ் செய்தபின் லென்ஸின் தூர அளவுகோலிலேயே அந்த எண் இருக்கும், பழைய லென்ஸ்களில் அது இன்றும் பெரிதாக, தெளிவாகப் பொறித்திருக்கிறது.